பழைய கேம்கார்டர் கேசட்டை வீட்டுக் கணினியில் ஏற்றுவது எப்படி

பீரோவிலிருந்தோ பரணிலிருந்தோ பழைய வீடியோ கேசட் கைக்குக் கிடைத்தால் தயவுசெய்து உடனே அதைப் போட்டுப் பார்க்காதீர்கள். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இருபது வருடமாகக் கிடந்த நாடாவை, அதே இருபது வருடமாகக் கிடந்த கேமராவுக்குள் தள்ளி பிளேயை அழுத்தினால் நாடா சிக்கும், கசங்கும், சில நேரம் அறுந்தும் போகும். குமரி மாவட்டத்தில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். தமிழ்நாட்டின் மற்ற இடங்களில் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை, நமக்கு ஜூனிலேயே தொடங்கிவிடும், அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் வடகிழக்கு மழை வந்துவிடும். குளச்சல், முட்டம், மணக்குடி மாதிரிக் கடற்கரை ஊர் என்றால் உப்புக் காற்று வேறு. கேசட்டில் பூஞ்சை பிடிக்க இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஆனாலும் நம் ஊரில் இருக்கிற அளவுக்குக் கேசட்டுகள் எத்தனை ஊரில் இருக்கும் என்று தெரியவில்லை. துபாய், மஸ்கட், சவுதி என்று போனவர்கள் லீவுக்கு வரும்போது பெட்டிக்குள் ஒரு ஹேண்டிகேமையும் வைத்துக்கொண்டு வந்த காலம் அது. புதுநன்மை, பால்காய்ச்சு, கோவில் கொடை, சபை அசனம், சவேரியார் கோவில் திருவிழாவுக்குக் கோட்டாறு போனது, திற்பரப்பில் குளித்தது, எல்லாம் அந்தச் சின்னக் கேசட்டுகளுக்குள் கிடக்கிறது. அதில் சிரித்துப் பேசுகிற பலர் இன்று உயிரோடு இல்லை. அதனால்தான் இந்த வேலையை அவசரமாகவும், அவசரப்படாமலும் செய்யவேண்டும் என்கிறேன். அவசரம் ஏனென்றால் நாடாவைவிட வேகமாக, அதை ஓட்டுகிற இயந்திரங்கள் அழிந்துகொண்டிருக்கின்றன. விஎச்எஸ் டெக் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. மினிடிவி (MiniDV) கேமராவும் புதிதாக யாரும் செய்வதில்லை. இருப்பதை வைத்துத்தான் ஓட்டவேண்டும்.

முதலில் என்ன கேசட் என்று பாருங்கள்

பெரிய கறுப்புக் கேசட் விஎச்எஸ் என்று எல்லோருக்கும் தெரியும். அதையே சுருக்கின மாதிரி இருப்பது விஎச்எஸ்-சி, ஒரு அடாப்டர் கூட்டுக்குள் போட்டால் சாதாரண டெக்கிலேயே ஓடும். ஒன்பதரை சென்டிமீட்டர் நீளத்தில், பழைய ஆடியோ கேசட்டைவிடக் கொஞ்சம் சின்னதாக, தடிமனாக இருந்தால் அது 8 மில்லிமீட்டர் வகை. இதில்தான் குழப்பம். வீடியோ8, ஹை8, டிஜிட்டல்8 மூன்றும் பார்க்க ஒரே மாதிரிக் கேசட். மேலே ஹை8 என்று அச்சடித்திருந்தாலும் உள்ளே டிஜிட்டல்8 பதிவு இருக்கலாம், ஏனென்றால் சோனியின் டிஜிட்டல்8 கேமராக்கள் ஹை8 கேசட்டில்தான் பதிவு செய்தன. எந்தக் கேமராவில் எடுத்தது என்பதை வைத்துத்தான் முடிவு செய்யமுடியும். ஆறரை சென்டிமீட்டர் நீளத்தில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் மினிடிவி.

கேசட்டே இல்லாத கேமராக்களும் உண்டு. சின்ன டிவிடி போட்டு எடுப்பது, உள்ளேயே ஹார்ட் டிஸ்க் இருப்பது, மெமரி கார்டு போடுவது. அவற்றுக்குப் பின்னால் வருகிறேன்.

வகை தெரிந்ததும் ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒரு எண் போடுங்கள். பழைய லேபிளைக் கிழிக்காதீர்கள், அதில் மாமாவோ சித்தப்பாவோ பால்பாயிண்ட் பேனாவில் கிறுக்கியதுதான் பின்னால் ஒரே ஆதாரமாக நிற்கும். அப்புறம் அழியாமல் இருக்கப் பூட்டுங்கள். விஎச்எஸ்ஸில் முதுகுப் பக்கம் இருக்கிற சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் போதும். மினிடிவியிலும் 8 மில்லிமீட்டரிலும் ஒரு சின்னத் தாழ் இருக்கும், அதை நகர்த்திவிட்டால் அதன்மேல் மறுபடி பதிவாகாது. வீட்டுப் பிள்ளைகள் கேமராவை எடுத்து சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டால் கல்யாணத்தின் மேல் வாழைத்தோட்டம் பதிவாகிவிடும்.

பூஞ்சை

கேசட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, உள்ளே சுருட்டியிருக்கிற நாடாவின் ஓரத்தைப் பாருங்கள். நல்ல நாடா என்றால் கறுப்பாக, பளபளவென்று, ஒரே சீராகத் தெரியும். வெள்ளையாகப் பவுடர் தூவினது போலவோ, சாம்பல் நிறத்தில் வட்டமாகப் படர்ந்தது போலவோ தெரிந்தால் அது பூஞ்சை. விஎச்எஸ் என்றால் பக்கவாட்டில் இருக்கிற சின்னக் குமிழைப் பேனா முனையால் அழுத்திக்கொண்டு முன்மூடியைத் தூக்கினால் நாடாவின் முகத்தையும் பார்த்துவிடலாம். விரலால் மட்டும் தொடாதீர்கள்.

பூஞ்சை பிடித்த கேசட்டைத் தனியாக ஒரு கவரில் போட்டு ஒதுக்கிவிடுங்கள். அதை ஒருமுறை ஓட்டினால் நாடாவைப் படிக்கிற ஹெட்டிலும் உருளைகளிலும் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் பரவும். இப்படிப்பட்ட கேசட்டைச் சுத்தம் செய்ய நாடாவை முழுக்கத் துடைத்துக்கொண்டே சுற்றவேண்டும், அதற்கென்று ஒரு பழைய டெக்கைத் திறந்து வைத்து வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுப்பதுதான் சரி. நீங்களே கையாளுவதாக இருந்தால் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூள் மூச்சுக்கு நல்லதில்லை.

நல்ல கேசட்டுகளை இரண்டு நாள் காய்ந்த இடத்தில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வைத்துவிட்டு எடுங்கள். வெயிலில் மட்டும் காயவைக்கவே கூடாது. முடிந்தால் இந்த வேலைக்கு மாசி, பங்குனி மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். ஏசி அறையில் கிடந்த கேமராவை வெளியே எடுத்து உடனே ஓட்டினாலும் உள்ளே ஈரம் படியும். பல சோனி கேமராக்களில் அப்போது சி:21 என்று திரையில் வரும். மூடியைத் திறந்து வைத்து ஒரு மணி நேரமாவது விட்டுவிட்டால் சரியாகிவிடும். சி:22 வந்தால் ஹெட் அழுக்கு என்று பொருள். சி:31, சி:32 என்றால் உள்ளே நாடா ஓட்டுகிற பொறிமுறையில் கோளாறு, அப்போது கேசட்டை வலுக்கட்டாயமாக இழுக்காதீர்கள், மெக்கானிக்கிடம் போங்கள்.

ஹெட் சுத்தம் செய்ய அந்தந்த அளவில் உலர்ந்த கிளீனிங் கேசட் கிடைக்கிறது. அதைப் பத்து வினாடிக்கு மேல் ஓட்டாதீர்கள், அது ஹெட்டைத் தேய்த்துத்தான் சுத்தம் செய்கிறது. காதுக் குடையும் பஞ்சுக் குச்சியால் சுழலும் ஹெட்டைத் துடைப்பது ரொம்பத் தவறு, பஞ்சு இழை மாட்டினால் ஹெட் போயிற்று.

இவ்வளவும் ஆன பிறகு, உங்களுக்கு முக்கியமில்லாத ஒரு கேசட்டை, தொலைக்காட்சியில் பதிவு செய்த ஏதாவது பழைய நிகழ்ச்சி மாதிரி ஒன்றை, முதலில் போட்டுச் சோதித்துப் பாருங்கள். அது சுகமாக ஓடி வெளியே வந்தால்தான் குடும்பக் கேசட். குடும்பக் கேசட்டையும் முதலில் கடைசிவரை ஃபார்வர்டு செய்து, திரும்ப ரீவைண்ட் செய்யுங்கள். வருடக்கணக்கில் ஒரே நிலையில் கிடந்த நாடா சுற்று ஒட்டிக்கொண்டும் தளர்ந்தும் இருக்கும், இப்படி ஒருமுறை போய்வந்தால் இழுவை சீராகிவிடும்.

மினிடிவி, டிஜிட்டல்8: இதில் தரம் துளியும் குறையாமல் எடுக்கலாம்

இந்தப் பகுதியைத்தான் நான் எல்லோரிடமும் விடாமல் சொல்வேன், ஏனென்றால் இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். மினிடிவி கேசட்டில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல் தகவல். அதை அப்படியே, ஒரு எண்கூட மாறாமல், கணினிக்குக் கொண்டுவர முடியும். அதற்கு ஒரே வழி ஃபயர்வயர் என்கிற வயர் இணைப்பு. சோனி கேமராவில் ஐ.லிங்க் என்று எழுதியிருக்கும், வேறு கேமராக்களில் டிவி (DV) இன்/அவுட் அல்லது வெறும் ஐஇஇஇ 1394 என்று இருக்கும், எல்லாம் ஒன்றுதான். கேமரா பக்கம் சின்ன 4 பின் துளை, கணினி பக்கம் பெரும்பாலும் 6 பின்.

அதே கேமராவில் யுஎஸ்பி துளையும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அந்த வயரைச் செருகாதீர்கள். பெரும்பாலான மினிடிவி கேமராக்களில் யுஎஸ்பி என்பது மெமரி கார்டில் எடுத்த போட்டோவை மாற்றவும், வெப்கேமாகப் பயன்படுத்தவும் மட்டும்தான், அதன் வழியாக வீடியோ வந்தாலும் மங்கலான சின்னப் படமாகத்தான் வரும். இன்னொன்று, ஆன்லைனில் நூறு இருநூறு ரூபாய்க்கு ஒருபக்கம் ஃபயர்வயரும் மறுபக்கம் யுஎஸ்பியும் இருக்கிற வயர் விற்கிறார்கள். அதை வாங்கவே வாங்காதீர்கள். இரண்டும் வேறு வேறு மொழி பேசுகிற இணைப்புகள், வெறும் செம்புக் கம்பியால் ஒன்றை மற்றொன்றாக மாற்ற முடியாது.

அப்படியென்றால் ஃபயர்வயருக்கு எங்கே போவது? வீட்டில் டெஸ்க்டாப் இருந்தால் அதில் ஒரு ஃபயர்வயர் கார்டு போட்டுக்கொள்ளலாம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ள கார்டு என்றால் தொல்லை குறைவு. லேப்டாப் மட்டும்தான் இருக்கிறது என்றால், 2005க்கும் 2010க்கும் இடையில் வந்த பழைய லேப்டாப் யாரிடமாவது கிடக்கிறதா என்று கேளுங்கள், அவற்றில் பலவற்றில் 4 பின் ஃபயர்வயர் துளை உண்டு. எக்ஸ்பி அல்லது வின்டோஸ் 7 ஓடுகிற அப்படியொரு பழைய இயந்திரம்தான் இந்த வேலைக்கு மிகச் சுகமானது. இன்டர்நெட்டில் மட்டும் இணைக்காதீர்கள், வீடியோவை வெளி ஹார்ட் டிஸ்குக்கு மாற்றுவதோடு அதன் வேலை முடிந்தது. புதிய வின்டோஸில் கேமரா தெரியவில்லை என்றால் மைக்ரோசாஃப்ட் தனியாகக் கொடுக்கிற 1394 லெகசி டிரைவரை நிறுவி, டிவைஸ் மேனேஜரில் அதற்கு மாற்றுங்கள். ஆப்பிள் மேக் வைத்திருப்பவர்கள் தண்டர்போல்ட் அடாப்டர்களை ஒன்றோடொன்று மாட்டி இதைச் செய்துவந்தார்கள், ஆனால் மேக் ஓஎஸ் 26 பதிப்பில் ஃபயர்வயர் ஆதரவையே எடுத்துவிட்டார்கள், ஆகவே பழைய மேக்கைப் புதுப்பிக்காமல் வைத்திருங்கள்.

இணைக்கும்போது கேமராவும் கணினியும் இரண்டுமே அணைந்திருக்கட்டும். 6 பின் துளையில் மின்சாரமும் வருகிறது, ஓடிக்கொண்டிருக்கும்போது கோணலாகச் செருகினால் கேமராவின் துளை எரிந்துபோகலாம், எரிந்தால் அந்தக் கேமரா வெறும் பொம்மை. பேட்டரியை நம்பாமல் அடாப்டரில் போடுங்கள். அடாப்டர் தொலைந்திருந்தால் கேமராவின் அடியில் எழுதியிருக்கிற வோல்ட்டைப் பார்த்து வாங்குங்கள். பல சோனி மாடல்களுக்கு 8.4 வோல்ட், எல்லாவற்றுக்கும் அதுதான் என்று நினைத்துவிடாதீர்கள். கேமராவை பிளே அல்லது விசிஆர் நிலைக்கு மாற்றுங்கள், ரெக்கார்டு நிலையில் வைத்தால் லென்ஸ் பார்ப்பதுதான் கணினியில் வரும்.

மென்பொருள் விஷயத்தில் பெரிய எடிட்டிங் சாஃப்ட்வேர் எதுவும் தேவையில்லை. வின்டோஸின் 'வின்'னோடு மினிடிவியின் 'டிவி'யைச் சேர்த்து வின்டிவி என்று ஒரு சின்ன இலவச நிரல் இருக்கிறது. (ஆங்கிலத்தில் WinDV என்று தேடுங்கள், WinTV இல்லை, அந்தப் பெயரில் வேறொன்று இருக்கிறது.) லினக்ஸ் பழக்கம் உள்ளவர்களுக்கு டிவிகிராப். இரண்டுமே கேசட்டில் இருப்பதை அப்படியே கோப்பாக எழுதும். வின்டிவியில் டைப்-2 ஏவிஐ என்று தேர்ந்தெடுங்கள், மற்ற நிரல்கள் அதைச் சிரமமில்லாமல் திறக்கும். கேசட்டில் ஒவ்வொரு ஃபிரேமோடும் படம் எடுத்த தேதியும் நேரமும் மறைவாகப் பதிவாகியிருக்கும், வின்டிவி அதைப் படித்து கோப்பின் பெயரிலேயே தேதியைப் போட்டு, கேமராவை நிறுத்தி நிறுத்தி எடுத்த இடங்களில் தனித்தனிக் கோப்பாகவும் வெட்டித் தரும். எனக்கு இது பெரிய வரம். எப்போது எடுத்தது என்று யாருக்கும் நினைவில்லாத கேசட்டுக்கு அதுவே பிறந்தநாள் சொல்லிவிடுகிறது. கேமராவில் கடிகாரம் வைக்காமலே எடுத்திருந்தால் மட்டும் எல்லாம் ஜனவரி 1 என்று வரும், அதை நம்பவேண்டாம்.

ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஏறத்தாழ 13 ஜிபி ஆகும். கேசட்டில் ஒரு மணி நேரம் என்றால் ஏற்றவும் ஒரு மணி நேரம்தான், வேகமாக இழுக்க வழியில்லை. ஹார்ட் டிஸ்க் என்டிஎஃப்எஸ் முறையில் இருக்கட்டும். ஃபேட்32 ஆக இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது, அதாவது பதினெட்டு இருபது நிமிடத்தில் நின்றுவிடும். ஏற்றும்போது அந்தக் கணினியில் வேறு வேலை பார்க்காதீர்கள், ஸ்லீப் போகாமல் அமைத்துவிடுங்கள். நம் பக்கம் காற்றடித்தாலே கரண்ட் போகும், ரப்பர் மரக் கிளை லைன்மேல் விழுந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், அதனால் கணினியையும் கேமரா அடாப்டரையும் இரண்டையுமே யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள்.

ஓடும்போது படத்தில் சதுரம் சதுரமாக உடைந்தால் பெரும்பாலும் ஹெட் அழுக்கு. சுத்தம் செய்துவிட்டு அந்த இடத்தை மட்டும் மறுபடி எடுங்கள், இரண்டாவது தடவை தெளிவாக வருவது உண்டு. படம் முழுக்கவும் உடைந்தால் எல்பி முறையில் எடுத்ததா என்று பாருங்கள். 60 நிமிடக் கேசட்டில் 90 நிமிடம் எடுக்க அந்த முறை. ஒரு கேமராவில் எல்பியில் எடுத்தது இன்னொரு கேமராவில் சரியாக ஓடாது, எடுத்த அதே கேமரா கிடைத்தால் ஓடும். எனவே பழைய கேமராவைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள், கேசட்டெல்லாம் ஏற்றி முடியும்வரையாவது.

விஎச்எஸ், வீடியோ8, ஹை8

இவை அனலாக். இங்கே நகல் எடுப்பது என்பது ஓடுகிற படத்தைப் பார்த்துப் புதிதாக டிஜிட்டலாக மாற்றுவது, அதனால் நடுவில் இருக்கிற ஒவ்வொரு வயரும் கருவியும் தரத்தை நிர்ணயிக்கும்.

8 மில்லிமீட்டர் கேசட் வைத்திருப்பவர்களுக்கு நல்ல வழி ஒன்று உண்டு. சோனியின் சில டிஜிட்டல்8 கேமராக்கள் பழைய வீடியோ8, ஹை8 கேசட்டையும் ஓட்டி, அதை உள்ளேயே டிஜிட்டலாக்கி ஃபயர்வயர் வழியாகத் தரும். எல்லா மாடலும் செய்யாது, வாங்கும் முன் அந்த மாடலின் கையேட்டைப் பாருங்கள். அது கிடைத்தால் மேலே மினிடிவிக்குச் சொன்ன அதே முறைதான்.

கிடைக்காவிட்டால் யுஎஸ்பி கேப்ச்சர் கருவி. மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூன்று பின்னும் உள்ள சின்ன வயர்ப்பெட்டி. மலிவானதில் ஒரே பெயரில் பல விதமான சிப் போட்டு வருகிறது, அதனால் வாங்கினதும் ஐந்து நிமிடம் சோதித்து, சரியில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கேமராவிலோ டெக்கிலோ எஸ்-வீடியோ துளை இருந்தால் மஞ்சள் பின்னுக்குப் பதில் அதையே பயன்படுத்துங்கள், ஹை8 கேசட்டில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். மஞ்சளையும் எஸ்-வீடியோவையும் சேர்த்துச் செருகவேண்டியதில்லை. கேமராவின் ஏவி வயர் தொலைந்துபோயிருந்தால் கவனம், நான்கு வளையம் உள்ள அந்த ஜாக் எல்லாக் கம்பெனிக்கும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே இணைப்பின் வரிசை மாறும். படம் வராமல் இரைச்சல் மட்டும் கேட்டால் பின்களை மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள்.

அமைப்பில் பார்க்கவேண்டியவை: நம் ஊர் கேமராவும் கல்ஃபிலிருந்து வந்த கேமராவும் பெரும்பாலும் பிஏஎல் முறை, 720க்கு 576, வினாடிக்கு 25 ஃபிரேம். அமெரிக்காவிலிருந்து அண்ணனோ அக்காவோ கொண்டுவந்த கேமரா என்றால் என்டிஎஸ்சி, 720க்கு 480, வினாடிக்கு 29.97. இதை மாற்றி வைத்தால் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வரும், கேசட் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். ஒலிக்கும் அந்தக் கேப்ச்சர் கருவியையே தேர்ந்தெடுக்கவேண்டும். இல்லையென்றால் லேப்டாப்பின் மைக் வழியாக உங்கள் வீட்டு மிக்ஸி சத்தமும் தெருவில் போகிற மீன்காரர் ஹாரனும்தான் ஒரு மணி நேரம் பதிவாகியிருக்கும்.

இடம் இருந்தால் வெர்ச்சுவல்டப் நிரலில் ஹஃப்ஒய்யுவி மாதிரி இழப்பில்லாத கோடெக்கில் (வீடியோவைச் சுருக்குகிற முறை) எடுங்கள், மணிக்கு 30 ஜிபிக்கு மேல் ஆகும். அவ்வளவு இடமில்லை என்றால் ஓபிஎஸ் ஸ்டுடியோ போதும். அதில் கேன்வாஸை 768க்கு 576 என்றும் வினாடிக்கு 50 ஃபிரேம் என்றும் வைத்து, வீடியோ மூலத்தின்மேல் வலது சொடுக்கி, அசைகிற இடத்தில் சீப்புப் பல் மாதிரி வரும் கோடுகளை நீக்குகிற டிஇன்டர்லேசிங்கில் யாடிஃப் 2எக்ஸ் தேர்ந்தெடுத்து, பிட்ரேட்டை 15,000க்குக் குறையாமல் வையுங்கள். இது பிஏஎல் கேசட்டுக்கான கணக்கு. பழைய படம் நாலுக்கு மூன்று வடிவம், அகலத் திரைக்கு இழுத்துப் பொருத்தினால் மெலிந்த மணப்பெண்ணும் தடித்துத்தான் தெரிவாள். இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்துவிட்டுப் போகட்டும்.

முழுக் கேசட்டையும் எடுக்கும் முன் ஐந்து நிமிடம் எடுத்துப் பார்த்து, வாயசைவும் குரலும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முழுதும் எடுத்த பிறகு கடைசி ஐந்து நிமிடத்தையும் பாருங்கள், தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகுவதுதான் மலிவுக் கருவிகளின் வழக்கமான கோளாறு. படத்தின் அடியில் கோடு கோடாக வந்தால் டெக்கில் டிராக்கிங் பொத்தானைத் திருகிச் சரிசெய்யுங்கள்.

டிஸ்க், கார்டு கேமராக்கள்

சின்ன டிவிடியில் எடுத்திருந்தால், அந்த டிஸ்க் அதே கேமராவில் ஃபைனலைஸ் (பதிவை முடித்து மூடுவது) செய்யப்பட்டிருக்கவேண்டும், இல்லாவிட்டால் கணினிக்கு அது வெற்று டிஸ்க் போலத் தெரியும். தட்டு வெளியே வருகிற டிரைவில் நடுக் குழியில் வைத்துப் போடுங்கள். உள்ளே உறிஞ்சிக்கொள்கிற வகை டிரைவில் சின்ன டிஸ்க்கைப் போட்டால் மாட்டிக்கொள்ளும்.

மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்க் கேமராக்களில் 2006க்குப் பிறகு வந்த எச்டி மாடல்கள் பலவும் ஏவிசிஎச்டி முறை. ஸ்ட்ரீம் என்ற ஃபோல்டருக்குள் எம்டிஎஸ் கோப்புகளாக இருக்கும். அந்தக் கோப்புகளை மட்டும் இழுத்துப் போடாமல், கார்டில் இருக்கிற மொத்த ஃபோல்டரையும் அப்படியே நகலெடுங்கள். நீளமான பதிவுகளைக் கேமரா துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கும், அவற்றை ஒட்டுவதற்கான குறிப்பு மற்ற ஃபோல்டர்களில்தான் இருக்கிறது. எம்ஓடி என்று முடிகிற கோப்புகள் உள்ளுக்குள் டிவிடி வீடியோ மாதிரி எம்பெக்-2 தான், விஎல்சியில் திறக்கும்.

கல்யாண ஸ்டூடியோ கொடுத்த விசிடி இருந்தால் அதில் எம்பெக்ஏவி ஃபோல்டருக்குள் டாட் என்று முடிகிற கோப்பு இருக்கும், அதை நகலெடுத்து விஎல்சியில் ஓட்டலாம். ஆனால் அதன் தரம் 352க்கு 288 தான். அதே கல்யாணத்துக்கு விஎச்எஸ் கேசட்டும் இருந்தால் கேசட்டிலிருந்து எடுப்பதே மேல்.

கடையில் கொடுப்பதானால்

கருவி தேட முடியாதவர்கள் நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை பக்கம் பழைய வீடியோ ஸ்டூடியோக்களில் கேட்டுப் பாருங்கள், பலரிடம் அன்றைய கேமரா இன்னும் மூலையில் இருக்கும். கொடுக்கும் முன் பேசிக்கொள்ளவேண்டியது ஒன்றுதான்: டிவிடியாகப் போட்டுத் தரவேண்டாம், மினிடிவி என்றால் ஃபயர்வயரில் எடுத்த ஏவிஐ கோப்பை என் ஹார்ட் டிஸ்கிலேயே போட்டுக் கொடுங்கள் என்று. பாட்டுச் சேர்க்கவேண்டாம், வெட்டவேண்டாம், பூ விழுகிற எஃபெக்டும் வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். வெட்டி எறிகிற அந்த ஆடுகிற, மங்கின துண்டில்தான் அடுப்படியில் நின்ற பாட்டி ஒரு வினாடி திரும்பிப் பார்த்திருப்பார். கேசட்டுகளை எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்குங்கள்.

ஏற்றிய பிறகு

அந்தப் பெரிய அசல் கோப்பை அழிக்காதீர்கள். அதுதான் இனி உங்கள் கேசட். இரண்டு வெவ்வேறு ஹார்ட் டிஸ்கில் வைத்து, ஒன்றை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள், சித்தி வீடோ தம்பி வீடோ. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நம் கடற்கரையில் வீட்டோடு சேர்ந்து ஆல்பமும் கேசட்டும் போன குடும்பங்கள் எத்தனை என்று எல்லோருக்கும் தெரியும். எல்லா நகலையும் ஒரே கூரைக்கு அடியில் வைக்காதீர்கள்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டை முதலில் போடுங்கள், தானாக வரிசையாகிவிடும். தேதி தெரியாத கேசட்டுக்குப் படத்துக்குள்ளேயே தடயம் தேடலாம். விவேகானந்தர் பாறைக்குப் படகில் போன காட்சியில் வள்ளுவர் சிலை முழுசாக நிற்கிறதா, சாரம் கட்டிக் கிடக்கிறதா? சிலை திறந்தது 2000 ஜனவரி 1 அன்று, எனவே சாரத்தோடு பாதிச் சிலை தெரிந்தால் அதற்கு முந்தைய படம். மணக்குடிப் பொழிமுகத்தில் பழைய பாலம் தெரிந்தால் அது சுனாமிக்கு முன்னால் எடுத்தது, அந்தப் பாலத்தை அலை கொண்டுபோய்விட்டது. இப்படி ஒன்றிரண்டு கேசட்டுக்கு வருடம் கிடைத்தால் பிள்ளைகளின் உயரத்தை வைத்தே மற்றவற்றையும் வரிசைப்படுத்திவிடலாம்.

அப்புறம் வயதானவர்களோடு உட்கார்ந்து ஒருமுறை ஓட்டுங்கள். பந்தியில் பரிமாறுகிறவர் யார், மாப்பிள்ளைக்குப் பின்னால் நிற்கிற அந்த உயரமானவர் எந்த வீட்டுக்காரர் என்பதெல்லாம் பெரியம்மாவுக்கும் அத்தைக்கும்தான் தெரியும். போனில் அவர்கள் பேசுவதைப் பதிவு செய்துகொண்டே ஓட்டினால் எழுதும் வேலைகூட இல்லை, கேசட் எண்ணையே அந்த ஒலிப்பதிவுக்கும் பெயராக வைத்து அதே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். இதை நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

எல்லோருக்கும் அனுப்ப ஹேண்ட்பிரேக் நிரலில் சின்ன நகல் ஒன்று செய்துகொள்ளலாம். எச்.264, தரம் 18 முதல் 20, அசல் இன்டர்லேஸ் ஆக இருந்தால் டிஇன்டர்லேஸை இயக்கி, எம்பி4 ஆக. ஒரு மணி நேரம் ஒன்றிரண்டு ஜிபிக்குள் அடங்கும். வாட்சப்பில் வீடியோவாக அனுப்பினால் அது இன்னும் நசுக்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள் அல்லது கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பு கொடுங்கள். ஊரில் இருப்பவர்களுக்கு பென் டிரைவ்தான் எளிது, தொலைக்காட்சியின் பின்னால் செருகினால் எம்பி4 ஓடும். பென் டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்து கொடுங்கள், பழைய தொலைக்காட்சி அதை ஏற்காவிட்டால் ஃபேட்32க்கு மாற்றி, ஒவ்வொரு கோப்பும் 4 ஜிபிக்குள் இருக்கிறதா என்று பார்த்துப் போட்டால் சரியாகிவிடும்.